எரிமலைச் சாலை – 7: எட்டு மணி நேர நிழல்

மார்க் ஆலனை இரண்டு வாரங்களுக்கு முன்பு மருத்துவமனைக் கட்டிலில் விட்டிருந்தோம். 1987 அக்டோபர். ஹவாயின் கோனா நகரில் அயர்ன்மேன் போட்டியின் கடைசிக் கட்டமான மாரத்தானின் பாதித் தூரத்தில் நான்கு நிமிடத்துக்கும் மேல் முன்னிலையில் இருந்தவர், வயிற்றுக்குள் ரத்தம் கசிய, நடந்தும் தள்ளாடியும் பதினொரு நிமிடம் பிந்தி இரண்டாவதாக வந்து சேர்ந்தார். அவரைத் தாண்டிப் போனவர் டேவ் ஸ்காட். அது ஸ்காட்டுக்கு ஆறாவது பட்டம்.

அடுத்த ஆண்டு ஸ்காட் முழங்கால் வலியால் ஓடவில்லை. வழி திறந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆலனின் சைக்கிள் இரண்டு முறை பஞ்சரானது. ஐந்தாம் இடம். பட்டம் ஸ்காட் மொலினாவுக்குப் போனது.

கணக்கைப் பார்த்தால் இப்படி இருக்கும். 1982-இல் கியர் உடைந்து பாதியில் விலகல். 1983-இல் மூன்றாம் இடம். 1984-இல் சைக்கிளை விட்டு இறங்கும்போது சுமார் 12 நிமிட முன்னிலை, பிறகு வெயிலில் நடை, ஐந்தாம் இடம். 1986-இல் இரண்டாம் இடம். 1987-இலும் இரண்டாம் இடம். 1988-இல் மறுபடி ஐந்தாம் இடம். ஆறு முயற்சி. ஒன்றுகூடத் தேறவில்லை.

இதே மனிதர் பிரான்சின் நீஸ் நகரப் போட்டியில் கலந்துகொண்ட ஒவ்வொரு முறையும் வென்றவர் என்பதுதான் வேடிக்கை. அங்கே தோல்வி என்பதே அவருக்குத் தெரியாது. கோனாவில் வெற்றி என்பது தெரியாது.

*

ஏன் இப்படி?

விமர்சகர்கள் அப்போது சொன்ன பதில் எளிமையானது: ஆலனுக்கு மனத்திண்மை போதாது, அந்தத் தீவைக் கண்டாலே அவருக்கு நடுக்கம். இந்த விளக்கத்தை நான் பாதிதான் ஏற்பேன். மீதிப் பாதி தூரக் கணக்கில் இருக்கிறது.

நீஸ் போட்டியில் சைக்கிள் 120 கிலோமீட்டர், ஓட்டம் 32. ஏறக்குறைய ஆறு மணி நேர வேலை. கோனாவில் கடலில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் மிதித்து, அதன் பிறகு 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆறு மணி நேரம் வரை ஆலன் உலகின் சிறந்த வீரர். அதற்கு மேலே இருந்த இரண்டரை மணி நேரம் டேவ் ஸ்காட்டுக்குச் சொந்தமானதாக இருந்தது.

நம் தசைகளிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து சுமார் 2,000 கலோரி அளவே வரும். அயர்ன்மேன் போட்டி கேட்பது அதைப் போலப் பல மடங்கு. வழியில் சாப்பிட்டும் குடித்தும் கொஞ்சம் ஈடுகட்டலாம். மிச்சத்துக்கு உடம்பில் உள்ள கொழுப்பைத்தான் எரித்தாக வேண்டும். ஆனால் கொழுப்பு மெதுவாக எரியும் பண்டம். இதயம் வேகமாக அடிக்க அடிக்க உடல் கொழுப்பை விட்டுவிட்டு மாவுச்சத்தையே தேடும். முதல் ஆறு மணி நேரத்தில் அதைத் தீர்த்துவிட்டவனுக்கு ஏழாவது மணி நேரத்தில் கால் நகராது. 1984-இல் ஆலன் நடந்ததை இப்படிப் பார்த்தால், கோழைத்தனம் என்று சொல்ல வாய் வராது.

இதற்கான மருந்து அவர் கையில் ஏற்கெனவே இருந்தது. பில் மாஃபட்டோன் என்ற பயிற்சியாளரை ஐந்தாம் பகுதியில் சந்தித்தோம். 180-இலிருந்து வயதைக் கழி, அந்த எண்ணைச் சுற்றிய இதயத்துடிப்பைத் தாண்டாமல் ஓடு என்பதுதான் அவருடைய விதி. ஆலனுக்கு விதித்த வரம்பு நிமிடத்துக்கு 155. மார்பில் பட்டை கட்டிக்கொண்டு முதல் நாள் ஓடியபோது, அந்த வரம்புக்குள் நிற்க அவர் ஒரு கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடத்துக்கும் மேல் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. உலகத்தரம் வாய்ந்த ஓட்டக்காரனுக்கு அது அவமானம். பூங்காவில் உடற்பயிற்சிக்கு வருகிறவர்கள் தாண்டிப் போகும் வேகம். ஆனாலும் விடவில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே 155 துடிப்பில் ஒரு கிலோமீட்டரை 3 நிமிடம் 20 வினாடியில் ஓடினார்.

ஆக, எஞ்சின் தயார். குறைந்தது என்ன? நீளம்.

1989-இன் தொடக்கத்தில் ஆலன் நியூசிலாந்துக்குப் போனார், முந்தைய அக்டோபரில் தன் கனவைத் தட்டிக்கொண்டு போன அதே மொலினாவோடு. இப்படி ஒரு நட்பு இந்த விளையாட்டில்தான் வாய்க்கும். வடகோளத்தில் குளிர்காலம் என்றால் அங்கே கோடை. நாள் முழுக்க சைக்கிள், மறுநாள் நீண்ட ஓட்டம், மறுபடி சைக்கிள். ஆறு மணி நேரப் போட்டிக்குப் பழகிய உடம்பை எட்டு மணி நேரத்துக்குப் பழக்கினார்கள்.

அந்த ஆண்டு ஆலன் தொட்டதெல்லாம் துலங்கியது. ஆகஸ்டில் பிரான்சின் அவிஞோன் நகரில் நடந்த முதல் ஒலிம்பிக் தூர உலகச் சாம்பியன் போட்டியை வென்றார். நீஸையும் வென்றார்.

ஆனால் எதிராளியும் சும்மா இருக்கவில்லை. ஜூலையில் ஜப்பானில் நடந்த அயர்ன்மேனில் டேவ் ஸ்காட் 8 மணி 1 நிமிடம் 32 வினாடியில் முடித்தார். அந்தத் தூரத்தை அவ்வளவு வேகமாக அதுவரை எவரும் கடந்ததில்லை. 35 வயது. முழங்கால் குணமாகிவிட்டது. கோனாவுக்கு வருகிறார்.

*

இங்கே ஸ்காட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது.

கலிஃபோர்னியாவின் டேவிஸ் என்ற ஊர்க்காரர். வெயில் கொளுத்தும் சமவெளி. பெரும்பாலும் தனியாகத்தான் பயிற்சி செய்வார். சைவர். பாலாடைக்கட்டியில் ஒட்டியிருக்கும் கொழுப்பும் வேண்டாமென்று அதைக் குழாய்த் தண்ணீரில் அலசிச் சாப்பிடுகிறவர் என்ற செய்தி அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த அலசலால் எவ்வளவு கொழுப்பு போயிருக்கும் என்பது இருக்கட்டும், அதைக் கேள்விப்பட்ட போட்டியாளர்களின் தூக்கம் போயிருக்கும்.

ஆலனோ கும்பலோடு பயிற்சி செய்கிறவர். சான் டியகோ கடற்கரையில் உயிர்காப்பாளர் வேலை பார்த்தவர். 1982-இல் ஜூலி மாஸ் என்ற பெண் கோனாவின் இறுதிக்கோட்டை நோக்கித் தவழ்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் இந்த விளையாட்டுக்கே வந்தார் என்பது முதல் பகுதியிலேயே வந்துவிட்டது. அதே ஜூலி மாஸைத்தான் 1989-இல் மணக்கவும் போகிறார்.

அந்த 1982 அக்டோபரில் ஒரு சின்ன நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்வார்கள். அது ஆலனின் முதல் கோனா. சைக்கிளில் ஸ்காட்டுக்குப் பக்கத்தில் வந்தவர், “இறங்கினதும் ரெண்டு பேரும் சேர்ந்து ஓடலாமா?” என்கிற தொனியில் பேச்சுக் கொடுத்தாராம். ஸ்காட் திரும்பிப் பார்த்துவிட்டு, பெரிய கியருக்கு மாற்றி, பறந்துவிட்டார்.

ஏழு ஆண்டு கழித்து அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது.

*

1989 அக்டோபர் 14, சனிக்கிழமை. காலை ஏழு மணி. கைலுவா படகுத்துறையில் பீரங்கி முழங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தண்ணீரில் பாய்ந்தார்கள்.

ஆலனின் திட்டத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: டேவ் எங்கே போகிறாரோ அங்கே போவது.

இதுவரை கோனாவில் அவர் செய்ததெல்லாம் நேர்மாறு. சைக்கிளிலோ ஓட்டத்திலோ முன்னாலேயே பாய்ந்து, பெரிய இடைவெளியை உண்டாக்கி, அதைக் கடைசிவரை காப்பாற்றப் பார்ப்பார். பணக்காரனாகத் தொடங்கி மாலைக்குள் கடனாளியாகிவிடுவார். இந்த முறை சேர்க்கவும் வேண்டாம், இழக்கவும் வேண்டாம். ஸ்காட்டின் காலடியில் தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டார்.

கடலில் அது எளிது. முன்னால் நீந்துகிறவரின் கால்களை ஒட்டிப் போனால் தண்ணீரின் தடை குறையும். விதியும் அதை அனுமதிக்கிறது. இருவரும் ஒரு வினாடி இடைவெளியில் கரையேறினார்கள்.

சைக்கிளில் அப்படி ஒட்டிக்கொள்ள முடியாது. முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஒதுங்குவது குற்றம், குறிப்பிட்ட இடைவெளி விட்டாக வேண்டும். அந்த இடைவெளியை விட்டுக்கொண்டே ஆலன் தொடர்ந்தார். குவீன் காஹுமானு நெடுஞ்சாலை. இரண்டு பக்கமும் எரிமலை கக்கி இறுகிய கரும்பாறை. நிழல் என்று சொல்ல ஒரு மரம் கிடையாது. பாறை உறிஞ்சிய சூட்டைப் பாறையே திருப்பிக் கொடுக்கும். வடக்கே ஹாவி என்ற சிற்றூர் வரை ஏறி, திரும்பி வர வேண்டும். ஸ்காட் வேகம் கூட்டினால் இவரும் கூட்டினார். அவர் தணிந்தால் இவரும் தணிந்தார்.

நான்கரை மணி நேரத்துக்கும் மேலாக ஒருவன் உங்கள் முதுகுக்குப் பின்னாலேயே வருகிறான், முந்தவும் மாட்டேன் என்கிறான், விலகவும் மாட்டேன் என்கிறான் என்றால் எப்படி இருக்கும்? ஸ்காட் அதைப் பொருட்படுத்தாதவர்போலத்தான் மிதித்தார். அவருக்குத் தெரிந்த வரலாறு ஒன்றுதான்: இந்தப் பையன் மாரத்தானில் உடைந்துபோவான். எப்போதும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

*

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கியபோது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள்.

அந்தக் காட்சியை லோயிஸ் ஷ்வார்ட்ஸ் எடுத்த புகைப்படம் இன்றும் புழங்குகிறது. இரண்டு பேர், ஒரே எட்டு, கிட்டத்தட்ட உரசும் தோள்கள். பின்னால் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் மெதுவாக ஊர்ந்து வருகின்றன. அந்த ஊர்வலத்தில் யாரும் பேசிக்கொள்ளவில்லை என்பார்கள். ஓடியவர்களும் ஒரு சொல் பேசவில்லை.

ஒவ்வொரு மைலுக்கும் ஒரு தண்ணீர்ப் பந்தல். கோப்பையில் நீர், ஐஸ், நனைத்த பஞ்சு. பந்தலுக்கு முன்னும் பின்னும் ஸ்காட் சட்டென்று வேகத்தை ஏற்றிப் பார்த்தார். ஆலன் இரண்டு மூன்று எட்டுகள் பிந்தி, மறுபடி வந்து ஒட்டிக்கொண்டார். ஸ்காட் மறுபடி ஏற்றினார். ஆலன் மறுபடி வந்தார்.

பாதித் தூரம் நெருங்கும்போது ஆலனுக்குள் ஏதோ நழுவியது. வலி எல்லோருக்கும் உண்டு. இது வேறு. பழைய ஆறு ஆண்டுகளின் பேச்சு தலைக்குள் ஆரம்பித்துவிட்டது. இவர் உன்னைவிடப் பலசாலி. இந்த இடம் இவருடையது. இரண்டாவது வந்தால் போதாதா?

அப்போது நடந்ததாக ஆலன் சொல்லும் விஷயத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு ஒரு பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரத்தில் கிழவர் ஒருவரின் படத்தைப் பார்த்திருந்தார். மெக்ஸிகோவின் ஹுயிச்சோல் பழங்குடியைச் சேர்ந்த டான் ஹோசே மட்சுவா என்ற பூசாரி. வயது 110 என்று போட்டிருந்தது. உயிரோடு இருப்பதே போதும் என்பதுபோல ஒரு முகம். அந்த முகம் இப்போது கரும்பாறைகளின் நடுவே அவர் நினைவில் எழுந்ததாம். ஜெயிக்க வேண்டும் என்ற பேச்சு ஓய்ந்தது. உலகத்திலேயே சிறந்த வீரனுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறேன், அது போதாதா என்ற எண்ணம் வந்தது. கால் இலேசானது. பிந்தியிருந்த சில எட்டுகள் தாமாகவே மூடிக்கொண்டன.

அந்தக் கிழவரின் அருள் என்று இதைச் சொல்ல நான் தயாரில்லை. நியூசிலாந்துச் சாலைகளில் சேர்த்த மைல்கள் இல்லாமல் எந்தப் பூசாரியின் முகமும் அவரை நகர்த்தியிருக்காது. ஆனால் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1984-இலும் 1987-இலும் அவரிடம் முன்னிலை இருந்தது, காப்பாற்ற ஏதோ இருந்தது. இப்போது கையில் எதுவும் இல்லை. பயப்படவும் ஒன்றும் இல்லை. அந்தப் படம் அவருக்குக் கொடுத்தது அவ்வளவுதான் என்று தோன்றுகிறது. அந்த நேரத்தில் அது சிறிய உதவியும் அல்ல.

*

முப்பது கிலோமீட்டர். தோளோடு தோள்.

முப்பத்தைந்து. தோளோடு தோள். ஏழரை மணி நேரத்துக்கும் மேலாக இரண்டு பேருக்கும் இடையே ஒரு சாலையின் அகலம்கூட விழவில்லை.

இப்போது நிலவமைப்பு பேச ஆரம்பிக்கிறது. நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் இறங்கும் முன் ஒரு நீண்ட ஏற்றம் உண்டு. அதன் உச்சியைத் தொட்டுவிட்டால் பலானி சாலை வழியாகச் சரிவு. சரிவு முடிந்தால் அலீ கடற்கரைச் சாலை, கூட்டம், கோடு.

இறக்கத்தில் ஓடுவதில் ஸ்காட் மன்னர் என்பது ஆலனுக்குத் தெரியும். சரிவின் தொடக்கம் வரை இருவரும் சமமாக வந்தால் பட்டம் ஸ்காட்டுக்கு. ஆகவே பிரிவதென்றால் ஏற்றத்திலேயே பிரிய வேண்டும். சீக்கிரம் பிரிந்தால் ஸ்காட் எட்டிப் பிடித்துவிடுவார். தாமதித்தால் சரிவு வந்துவிடும். நாள் முழுக்கக் காத்திருந்தது சில நூறு மீட்டர் நீளமுள்ள இந்த ஒரு சன்னலுக்காக.

தொடக்கத்திலிருந்து சுமார் 39 கிலோமீட்டர். கடைசிப் பந்தல்களில் ஒன்று நெருங்கியது. ஏற்றம் தொடங்கியது.

ஆலன் பாய்ந்தார்.

முதல் முறையாக அன்று அவர் ஸ்காட்டைப் பார்த்துப் போகவில்லை. ஒரு எட்டு. மூன்று எட்டு. ஸ்காட் தலையைத் தாழ்த்திக்கொண்டு துரத்தினார். காலையிலிருந்து நூறு முறை மூடிய இடைவெளி இந்த முறை மூடவில்லை. பத்து மீட்டர். இருபது. உச்சியைத் தாண்டும்போது, இறக்கத்தில் வல்லவரான ஸ்காட்டாலும் எட்ட முடியாத தூரத்தில் ஆலன் இருந்தார்.

அந்த ஏற்றத்தை இன்று கோனாவுக்கு வருகிறவர்கள் ‘மார்க் அண்ட் டேவ் ஹில்’ என்றே அழைக்கிறார்கள். தோற்றவர் பெயரையும் சேர்த்து ஒரு மேட்டுக்கு வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

*

மார்க் ஆலன்: 8 மணி 9 நிமிடம் 15 வினாடி.

டேவ் ஸ்காட்: 8 மணி 10 நிமிடம் 13 வினாடி.

எட்டு மணி நேரத்துக்கு 58 வினாடி வித்தியாசம். அந்த 58 வினாடியும் கடைசி மூன்றரைக் கிலோமீட்டருக்குள் உண்டானது.

மற்ற எண்களையும் பாருங்கள். அதுவரை கோனாவின் சாதனை 1986-இல் ஸ்காட் ஓடிய 8:28:37. ஆலன் அதிலிருந்து 19 நிமிடத்துக்கும் மேல் வெட்டி எடுத்தார். ஸ்காட்டும் தன் சொந்தச் சாதனையை 18 நிமிடத்துக்கு மேல் முறியடித்திருந்தார். முறியடித்துவிட்டுத் தோற்றார். மூன்றாவதாக வந்த ஆஸ்திரேலியரான கிரெக் வெல்ச் கோட்டைத் தொட்டபோது ஸ்காட் வந்து 22 நிமிடம் ஆகியிருந்தது. அந்த இருவரும் ஓடியது ஒரு போட்டி, மற்ற அனைவரும் ஓடியது வேறொரு போட்டி.

ஆலனின் மாரத்தான் 2 மணி 40 நிமிடம் 4 வினாடி. கோனாவில் அந்த நேரத்தை ஒருவர் முந்த 2016 வரை ஆயிற்று. ஜெர்மனியின் பேட்ரிக் லாங்கே 19 வினாடி குறைவாக ஓடினார். சைக்கிளின் எடையும் காலணியும் உணவு முறையும் தலைகீழாக மாறிய 27 ஆண்டுகள் நடுவில் கழிந்திருந்தன.

பத்திரிகைகள் அந்த நாளுக்கு ‘அயர்ன் வார்’ என்று பெயர் சூட்டின. போர் என்ற சொல்லில் கொஞ்சம் மிகை உண்டு. அங்கே ஒருவர் மற்றவரை எட்டு மணி நேரம் விடாமல் படித்தார், கடைசிப் பக்கத்தில் எழுந்துகொண்டார். ஸ்காட் இல்லாமல் ஆலனால் 8:09 ஓடியிருக்க முடியுமா என்பது சந்தேகம். ஆலன் இல்லாமல் ஸ்காட்டும் 8:10 ஓடியிருக்க மாட்டார். வேகத்தைத் தீர்மானித்தது ஒருவர் அல்ல, இருவருக்கும் நடுவில் இருந்த அந்தச் சாண் அகல இடைவெளி.

*

ஆக, ஏழாவது முயற்சியில் பட்டம். ஸ்காட் ஆறு, ஆலன் ஒன்று.

மறு ஆண்டு அக்டோபரில் மறுபடி மோதுவார்கள் என்றுதான் உலகம் காத்திருந்தது. ஆலன் வந்தார். படகுத்துறையில் கூட்டம் கூடியது. ஆலன், டேவ் ஸ்காட், மொலினா ஆகியோரோடு பழைய நால்வரில் ஒருவரான ஸ்காட் டின்லி தன் வாழ்நாளின் நல்ல ஓட்டங்களில் ஒன்றுக்குத் தயாராக நின்றார்.

டேவ் ஸ்காட் தொடக்கக் கோட்டில் இல்லை.

நீந்தும்போது யாருடைய கால்களைப் பார்ப்பது? சைக்கிளில் யாருடைய முதுகை எண்ணுவது? ஏற்றத்தில் யாரிடமிருந்து பிரிவது? ஒரே ஒரு மனிதரைப் பின்தொடரக் கற்றுக்கொண்டு கோனாவை வென்றவர், அந்த மனிதர் வராத நாளில் யாரைப் பின்தொடர்வார்?

(அடுத்த வாரம்)